இன்னும் ஒரு திருகு

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில், மேசைமேல் ஒரு மடிக்கணினியைக் கழற்றிக்கொண்டே பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டபோது, என்ன தலைப்பு என்று நான் கேட்கவில்லை. மேசை ஆடாமல் நிற்குமா, நல்ல வெளிச்சம் இருக்குமா, மின்விசிறியைக் கொஞ்ச நேரம் நிறுத்திக்கொள்ளலாமா என்று மூன்று கேள்விதான் கேட்டேன். வியர்க்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டும். உள்ளேயிருந்து வரப்போகிற தூசி முன்வரிசையில் இருப்பவர்கள் மடியில் விழக் கூடாது, அதற்காகத்தான்.

கையில் திருப்புளி இல்லாமல் எனக்குப் பேச்சு வராது. அதனால் நூலகர் அம்மாவிடம் ஒரு பேரம் பேசினேன். புத்தகம் எடுப்பதும் கொடுப்பதும் பதிகிற மடிக்கணினி மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதையே இங்கே வைத்துக் கழற்றுகிறேன், பேச்சும் ஆயிற்று, வேலையும் ஆயிற்று என்றேன். ஒப்புக்கொண்டார்கள். "திரும்ப மாட்டிருவீங்கல்ல?" என்று மட்டும் மூன்று தடவை கேட்டார்கள். கடைக்கு வருகிற எல்லாரும் கேட்பதுதான். கழற்றிவிடுவேன் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வருவதே இல்லை.

நேற்று மாலையே வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டுப் போனேன். நான்கு புகார். போட்ட பத்து நிமிடத்தில் உள்ளிருக்கும் விசிறி மாவு மில் மாதிரி அலறுகிறது. அதற்குப் பிறகு எதைத் தொட்டாலும் ஆமை வேகம். டச்பேடின் இடது பக்கம் அழுத்தினால் அமுங்க மாட்டேன் என்கிறது. நான்காவதுதான் வேடிக்கை. ஒவ்வொரு நாள் காலையிலும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. புத்தகத்தை எடுப்பதற்கு முன்னாலேயே திருப்பிக் கொடுத்துவிட்டதாக ஒருவர் கணக்கில் பதிவாகியிருக்கிறது. அவர் இந்தக் கூட்டத்தில் இருந்தால் கை தூக்க வேண்டாம்.

வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னால் என் குருவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2004இல் சென்னை ரிச்சி தெருவில் வேலைக்குச் சேர்ந்தேன். ரிச்சி தெரு என்று பொதுவாகச் சொல்வோமே தவிர, அது ஒரு தெரு இல்லை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை எல்லாம் சேர்ந்த ஒரு சந்தை அது. நான் இருந்தது மீரான் சாகிப் தெருவில், மாடிப்படிக்குக் கீழே ஆறுக்கு எட்டு அடியில் ஒரு கடை. முதலாளியை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அப்போது மடிக்கணினி வைத்திருப்பவர் என்றாலே பெரிய ஆள். வருவதே வாரத்துக்கு இரண்டு மூன்றுதான்.

சேர்ந்த நான்காவது மாதம், பாய் தொழுகைக்குப் போன நேரத்தில், ஒரு கீபோர்டை நானே எடுத்துவிடலாம் என்று இறங்கினேன். மேல்விளிம்பு வந்துவிட்டது. நடுப்பகுதி வரவில்லை. நெம்பினேன். அப்போதும் வரவில்லை. வேகமாக ஒரு இழு இழுத்தேன். வந்தது, போர்டில் இருந்த சாக்கெட்டின் பூட்டையும் பிய்த்துக்கொண்டு வந்தது. பாய் திரும்பி வந்து பார்த்தார். திட்டவில்லை. கணினியைக் கவிழ்த்து, அடியில் ஒரு ஓட்டைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். ஆழத்தில் ஒரு திருகு மினுங்கியது. "வரலைன்னா இழுக்காத தம்பி. இன்னும் ஒரு ஸ்க்ரூ இருக்குன்னு அர்த்தம். தேடு." அடுத்த ஒரு மாதம், செத்துப்போன மடிக்கணினிகளை மட்டும் என்னிடம் கொடுத்தார். கழற்று, மாட்டு, திரும்பக் கழற்று. வேறு வேலை கிடையாது.

அந்த ஒரு வரியை வைத்துத்தான் இத்தனை வருடமாகக் கடை நடத்துகிறேன். இன்றைக்குச் சொல்ல வந்ததும் அதுதான். வாருங்கள், கழற்றலாம்.

முதலில் சார்ஜர் வயரை உருவுகிறேன். கவிழ்த்து ஒரு துண்டின்மேல் வைக்கிறேன். மேல்மூடி கீறல் படக் கூடாது. அடிப்பக்கம் எண்ணிப் பாருங்கள், பத்துத் திருகு. தலையில் கூட்டல் குறி மாதிரிப் பள்ளம் உள்ள இந்தத் திருகை நம் ஊரில் 'ஸ்டார்' என்போம். 1930களில் அமெரிக்காவின் போர்ட்லாந்தைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை வாங்கிப் பிரபலமாக்கியது. காடிலாக் கார் கட்டுகிற இடத்தில்தான் முதலில் பெரிய அளவில் புழங்கியது. திருப்புளி தானாகவே நடுவில் போய் உட்கார்ந்துகொள்வது அதன் வசதி. சரிவான பள்ளம் என்பதால், அழுத்தம் போதாவிட்டால் வழுக்கி மேலே ஏறிவிடுவது அதன் வம்பு. இரண்டு தடவை வழுக்கினால் பள்ளம் மழுங்கிப் போகும், அப்புறம் அது திருகு இல்லை, ஆணி. ஆகவே எழுபது பங்கு அழுத்தம், முப்பது பங்கு திருப்பல். வீட்டில் தையல் மெஷினுக்கு வைத்திருக்கும் பெரிய திருப்புளியால் இதைத் தொடவே கூடாது. பிஹெச்0 என்று போட்ட சின்னது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், போதும்.

சில கம்பெனிகள் ஸ்டாரும் வைப்பதில்லை. ஆப்பிள் 2009இல் ஒரு மடிக்கணினியின் பேட்டரிக்கு ஐந்து இதழ்ப் பூ மாதிரித் தலையுள்ள திருகு வைத்தது. அதைத் திறக்கிற திருப்புளி அப்போது கடையில் கிடையாது. கொஞ்ச நாளில் சந்தைக்கு வந்துவிட்டது, இன்றைக்கு ரிச்சி தெரு பிளாட்பாரத்திலேயே கிடைக்கிறது. பூட்டு இருக்கிற ஊரில் சாவி செய்கிறவனும் இருப்பான்.

இந்த அட்டையைப் பாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை. இதில் கணினியின் அடிப்பக்கத்தைக் கட்டமாக வரைந்திருக்கிறேன். எந்த இடத்துத் திருகைக் கழற்றுகிறேனோ, அதை அட்டையில் அதே இடத்தில் குத்தி நிற்கவைக்கிறேன். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பாய் இல்லை, ஒரு பிளஸ் டூ மாணவி. தமிழக அரசு 2011இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்ததே, அப்போதுதான் நான் பாளையங்கோட்டைக்குத் திரும்பிவந்து கடை போட்டிருந்தேன். கணினியே பார்த்திராத வீடுகளுக்கு முதல் கணினி வந்தது. அதுவரை நாங்கள் மட்டும் திறந்துகொண்டிருந்த மூடியைப் பிள்ளைகளும் திறக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பெண், கத்தி முனையால் அத்தனை திருகையும் கழற்றி, ஒரு குங்குமச் சிமிழில் போட்டுக் கொண்டுவந்தாள். ஒன்றுகூடக் குறையவில்லை. கூடவே நோட்டுத் தாளில் படம் வரைந்து ஒவ்வொரு திருகுக்கும் எண் போட்டிருந்தாள். "சிமிழ்ல போட்டப்போ கலந்துருச்சு அண்ணே, அதான் மாட்டல" என்றாள். பயந்து நிறுத்தவில்லை, யோசித்து நிறுத்தியிருக்கிறாள். என் கடையில் வேலைக்கு வந்த பையன்களில் பாதிப்பேருக்கு அந்தப் புத்தி வர ஒரு வருடம் பிடித்தது.

திருகு கலந்தால் என்ன ஆகும்? பாருங்கள், இந்தப் பத்தில் எட்டு ஒரே நீளமாக இருக்க வேண்டும். கீல் பக்கம் இருக்கிற இரண்டு நீளமானவை. நீளமானதைக் குட்டையான இடத்தில் போட்டால் முனை மறுபக்கம் முட்டும். போர்டில் முட்டினால் கதை முடிந்தது. இந்தக் கணினியிலேயே... நூலகர் அம்மா, நீங்கள் பார்த்திருப்பீர்கள், கீபோர்டுக்குக் கீழே மணிக்கட்டு வைக்கிற இடத்தில் ஒரு சின்னக் கொப்புளம். பிளாஸ்டிக் புடைத்திருக்கிறது. எனக்கு முன்னால் யாரோ திறந்திருக்கிறார். ஓரத்துத் திருகைத் தொலைத்துவிட்டு, கைக்குக் கிடைத்ததை அங்கே போட்டு இறுக்கியிருக்கிறார். அந்த மூலையைக் கடைசியில் பார்ப்போம்.

பத்தும் வந்துவிட்டது. இப்போது விளிம்பில் இந்தப் பழைய ஏ.டி.எம். கார்டை நுழைத்து ஓட்டுகிறேன். டக், டக் என்று பூட்டு விடுகிற சத்தம் கேட்கிறதா? அது நல்ல சத்தம். முறிகிற சத்தம் வேறு மாதிரி இருக்கும். இரண்டையும் காது பிரித்துத் தெரிந்துகொள்ளும்வரை வாடிக்கையாளர் கணினியைத் தொடக் கூடாது என்பார் பாய். முன்பக்கம் வந்துவிட்டது... இடது பக்கம் வந்தது... பின்னால் நடுவில் வரவில்லை.

இழுக்கவா? முன்வரிசையில் தம்பி "இன்னும் ஒண்ணு இருக்கு" என்கிறார். சரிதான். எங்கே இருக்கும்? ஒட்டியிருக்கிற ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கலாம். கம்பெனிகள் அங்கே வைப்பதுண்டு, யாராவது திறந்தால் ஸ்டிக்கர் கிழிந்து காட்டிக்கொடுக்கும் என்று. விரலால் தடவினால் பள்ளம் தெரியும். இல்லை. அப்படியானால் ரப்பர் பாதம். பின்பக்கத்து நீள ரப்பரை ஓரத்தில் நகத்தால் தூக்குகிறேன்... இதோ, பதினொன்றாவது.

வந்துவிட்டது. திறந்ததும் முதல் வேலை பேட்டரியின் இணைப்பை விடுவிப்பது. வயரைப் பிடித்து இழுக்காமல், கனெக்டரை இரண்டு பக்கமும் நகத்தால் மாற்றி மாற்றி நெம்ப வேண்டும். பிறகு ஆன் பட்டனைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தையும் வடித்துவிடுகிறேன். இதைச் செய்யாமல் உள்ளே திருப்புளி வைப்பது, மெயினை அணைக்காமல் சுவிட்ச் போர்டைப் பிரிப்பது போலத்தான்.

பேட்டரியைப் பக்கவாட்டில் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது, நன்றாக எழும்பின ஆப்பம் மாதிரி நடுவில் உப்பியிருக்கிறது. மூன்றாவது புகாருக்கு விடை கிடைத்துவிட்டது. டச்பேடில் ஒரு கோளாறும் இல்லை. அடியிலிருந்து பேட்டரி முட்டிக்கொண்டு நிற்கும்போது மேலிருந்து அழுத்தினால் எப்படி அமுங்கும்? டச்பேடு மாற்ற வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்களில் பலருக்கு நான் மாற்றிக் கொடுத்தது பேட்டரியைத்தான்.

லித்தியம் அயான் பேட்டரியை 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் சூட்டிலும், எந்நேரமும் சார்ஜிலேயே கிடக்கும்போதும், உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகிறது. வாயுவுக்குப் போக்கிடம் இல்லாததால் பை உப்புகிறது. உப்பின பேட்டரியைக் குத்திக் காற்றை விடுகிறேன் என்று ஊசி எடுத்தவரை எனக்குத் தெரியும். அவர் மனைவி தடுத்ததால் வீடு தப்பியது. குத்தினால் தீ. வளைத்தாலும் ஆபத்து. அடியில் பசை போட்டு ஒட்டியிருந்தால் உலோகக் கருவியால் நெம்பக் கூடாது. இதில் நான்கு திருகுதான், எடுத்தாயிற்று. புதியது கொண்டுவந்திருக்கிறேன். பழையது குப்பைத் தொட்டிக்குப் போகாது, என்னோடு வந்து மின்கழிவு எடுப்பவரிடம் போகும். பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது என்று 2022ஆம் வருட விதிகளே சொல்கின்றன.

இப்போது நமது கதாநாயகன். இந்தக் கறுப்பு விசிறியையும், அதன் வாயில் இருக்கிற செம்புத் தகடுகளின் வரிசையையும் பாருங்கள். சீப்பின் பற்களைவிட நெருக்கமான தகடுகள். விசிறியின் மூடியைக் கழற்றிவிட்டு, இடுக்கியால் எடுக்கிறேன். பொறுங்கள்... முழுசாக வருகிறது. கம்பளித் துண்டு மாதிரி இருக்கிறதல்லவா? இந்தத் தாளில் வைத்துத் தருகிறேன், கை மாற்றிப் பாருங்கள். தும்மல் வருகிறவர்கள் தள்ளி உட்காருங்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது. காற்று போகும் துளை சுத்தமாகத்தான் இருக்கும். தூசி சேர்வது விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவில். விசிறி முழு வேகத்தில் சுற்றும், காற்று போகாது. அதுதான் அந்த அலறல். நேற்று வெப்பமானி மென்பொருள் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் 96 டிகிரி. நூறை நெருங்கும்போது பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துவிடும். இரண்டாவது புகாரான ஆமை வேகத்துக்கு அதுதான் காரணம். 'சிஸ்டம் பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்' என்று பலர் முடிவெடுப்பது இந்த இடத்தில்தான். பழசானது கணினி இல்லை, மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது.

தூசியைப் பார்த்து வீட்டைச் சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஜவுளிக்கடைக் கணினியில் வருவது நிறம் நிறமாக இருக்கும். தீபாவளி முடிந்த மாதம் வந்தால் ஜரிகைத் துணுக்குகூட மினுங்கும். மெத்தையிலும் தலையணையிலும் வைத்துப் படம் பார்க்கிறவர்கள் வீட்டுத் தூசி வெறும் பஞ்சு. அடுக்களை மேடைமேல் வைத்துச் சமையல் பார்ப்பவர்கள் கணினியில் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்து தூசி பிசின் மாதிரி ஒட்டியிருக்கும், பிரஷ்ஷுக்கு அசையாது. பூஜை அறைப் பக்கம் இருந்தால் திறந்ததும் சாம்பிராணி வாசனை. தூத்துக்குடி உப்பளத்துக் கணக்குப்பிள்ளை ஒருவர் கொண்டுவந்ததில் தூசியே இல்லை, ஆனால் எல்லாத் திருகின் தலையும் துருப்பிடித்துச் செம்மண் நிறமாக இருந்தது. ஒரு தடவை சிற்றெறும்புகள் கீபோர்டுக்கு அடியில் முட்டையிட்டுக் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தன. அன்றைக்கு மட்டும் கடை வாசலில் ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு, அவை குடிமாறிய பிறகுதான் தொட்டேன்.

இன்றைக்கு வந்திருக்கிற தூசி? சாம்பல் கலந்த மஞ்சள், மெல்லிய பொடி. காகிதத் தூசி. அதற்குள்ளே வெள்ளியாக ஒன்று மின்னுகிறது பாருங்கள், ராமபாணப் பூச்சியின் தோல். நூலகம் என்று யாரும் சொல்லாமலே சொல்லியிருப்பேன். மேலே எந்த அலமாரியில் அது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது உங்கள் வேலை.

விசிறியை ஊதும்போது விரலால் இறக்கையைப் பிடித்துக்கொள்கிறேன். காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுற்றினால் தாங்கி தேய்ந்துபோகும். வீட்டில் தூசி உறிஞ்சும் இயந்திரம் இருந்தாலும் அதன் வாயை உள்ளே விடாதீர்கள். அதன் முனையில் நிலை மின்சாரம் சேரும். நிலை மின்சாரம் நம் உடம்பிலும் சேரும். சுரீரென்று நாம் உணர வேண்டுமானால் அது ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்க வேண்டும். சில சிப்புகள் அதில் பத்தில் ஒரு பங்குக்கே செத்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. நம் ஊர்ப் புழுக்கம் இதில் நமக்கு உதவி செய்கிறது. ஈரக்காற்றில் அவ்வளவாகச் சேராது. ஏ.சி. அறையில் பாலியெஸ்டர் சட்டையோடு உட்கார்ந்து செய்தால்தான் கவனம் வேண்டும். தொடங்குமுன் மண்ணிணைப்பு உள்ள ஒரு உலோகத்தைத் தொட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

விசிறியோடு சேர்ந்த இந்தச் செம்புக் குழாயைப் பாருங்கள். தட்டையான பட்டை மாதிரி இருக்கிறது. வெறும் செம்பு என்று நினைப்போம். உள்ளே கூடு. அதில் காற்றை எடுத்துவிட்டுச் சில துளி தண்ணீர் வைத்து அடைத்திருக்கிறார்கள். காற்றழுத்தம் இல்லாததால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். பிராசசர் பக்கம் ஆவியாகி, விசிறி பக்கம் போய்க் குளிர்ந்து நீராகி, உள்சுவரில் இருக்கிற திரி வழியாகத் திரும்பி ஊறி வரும். இட்லிப் பானையில் ஆவி மூடியில் பட்டு நீராகச் சொட்டுகிறதே, அதே சங்கதிதான். இங்கே யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. இந்தக் குழாயை 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் ஜார்ஜ் குரோவர் விண்வெளிக் கலங்களுக்காக உருவாக்கினார். அது நம் மடிக்கு வந்துவிட்டது. அதனால் இந்தக் குழாயை வளைக்கவோ நசுக்கவோ கூடாது. நசுங்கினால் திரி அடைபட்டு வெறும் செம்புக் கம்பியாகிவிடும்.

இதைக் கழற்றுகிற திருகுகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் அடித்திருக்கிறது. மாட்டும்போது அந்த வரிசை, கழற்றும்போது தலைகீழ் வரிசை. எண்கள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும், கார் சக்கரத்துக்கு நட்டு இறுக்குகிற மாதிரி. ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டால் மறுபக்கம் தூக்கிக்கொண்டு சிப்பின் ஓரம் நொறுங்கும்.

தூக்கியாயிற்று. சிப்பின்மேல் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி இருப்பது பழைய பேஸ்ட். வழவழப்பாகத் தெரிகிற இரண்டு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று நிற்கும். செம்பு, காற்றைவிட ஏறத்தாழ 15,000 மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும். அப்படியானால் அந்தக் காற்று எவ்வளவு பெரிய தடுப்பு என்று பாருங்கள். அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் பேஸ்ட். செம்பு அளவுக்குக் கடத்தாது, ஆனால் காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் பரவாயில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பழையதைத் துடைக்கிறேன். உடனே ஆவியாகிவிடும், எதையும் மிச்சம் வைக்காது. புதியது துவரம்பருப்பு அளவு போதும். இட்லிக்குச் சட்னி ஊற்றுகிற மாதிரி ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். தடிமனாகப் பூசினால் அதுவே தடுப்பு.

நான்காவது புகார், தேதி. இந்த மூலையில் கறுப்பு உறைக்குள் இரண்டு வயரோடு ஒரு காசு மாதிரி இருக்கிறது பாருங்கள். சிஆர்2032. பெயரிலேயே அளவு இருக்கிறது: குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுகிற மூன்று வோல்ட் பேட்டரி. இது தீர்ந்து பல நாள் ஆகியிருக்கும். பெரிய பேட்டரி இருந்தவரை அது சமாளித்தது. அதுவும் படுத்து, சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போனதும் கடிகாரம் நின்றுவிட்டது. மாற்றியாயிற்று.

ரேம் சேர்ப்பதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சாய்வாகச் செருகி, கீழே அழுத்தினால் இரண்டு பக்கமும் உள்ள கொக்கி டக்கென்று பிடித்துக்கொள்ளும். தலைமுறை மாறினால் வெட்டுப்பள்ளம் பொருந்தாது. டிடிஆர்3இல் 204 கால், டிடிஆர்4இல் 260. பொருந்தவில்லையென்றால் அழுத்த வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. வைக்கப் போகிறேன், அது வெறும் நான்கு திருகு. உள்ளிருப்பதை நேற்றே நகல் எடுத்துவிட்டேன். இந்தக் கணினிக்கு இன்றைக்குச் செய்கிற எல்லாவற்றிலும் உங்களுக்குப் பளிச்சென்று தெரியப்போவது இதுதான், ஆனால் சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை.

நேரம் எடுப்பவை ஸ்ட்ரிப்புகள்தான். கீபோர்டிலிருந்து வருகிற இந்த வெள்ளைப் பட்டையைப் பிடித்திருப்பது ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத பூட்டு. சிலது கதவு மாதிரி மேலே தூக்கும், சிலது இழுப்பறை மாதிரி வெளியே நகரும். எது என்று தெரியாமல் தொட்டால் நான் மீரான் சாகிப் தெருவில் செய்ததுதான் நடக்கும். வைஃபை கார்டின்மேல் இருக்கிற இரண்டு மெல்லிய வயர், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. கழற்றுமுன் செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாபகம் இருக்கும் என்று நம்பாதீர்கள். எனக்கே இருப்பதில்லை.

கேள்வி ஒன்று வந்திருக்கிறது. தண்ணீர் கொட்டினால் அரிசிக்குள் போட்டு வைக்கலாமா? வேண்டாம் அம்மா. ஒருவர் அப்படி வைத்துக் கொண்டுவந்தார். ஈரம் அப்படியே இருந்தது, யூ.எஸ்.பி. துளையில் இரண்டு அரிசி கூடுதலாக இருந்தது. தண்ணீர் மட்டும் கெடுப்பதில்லை, தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்துதான் செம்பை அரிக்கும். உடனே அணைத்து, சார்ஜரை உருவி, கவிழ்த்து வைத்து, முடிந்தால் பேட்டரி இணைப்பை விடுவியுங்கள். ஆன் ஆகிறதா என்று சோதித்துப் பார்ப்பதுதான் பெரிய தப்பு. டீ, காபி என்றால் சர்க்கரை இருக்கும், கழுவித்தான் ஆக வேண்டும்.

பாய் சொன்னது இன்றைக்கும் செல்லுமா என்று சில சமயம் யோசிப்பேன். 2012இல் வந்த ரெட்டினா திரையுள்ள மேக்புக் ப்ரோவில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது, பேட்டரி பசையால் ஒட்டப்பட்டிருந்தது. அங்கே இன்னும் ஒரு திருகைத் தேடிப் பிரயோசனமில்லை. திருகே இல்லை. பிறகு எல்லாக் கம்பெனிகளும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வழிக்கு வந்தன. மெல்லியதாக வேண்டும், எடை குறைய வேண்டும் என்று நாமும்தான் கேட்டோம், அதை மறைக்கக் கூடாது. அதே 2012இல், ஆஸ்திரேலியாவில் ஒருவர் மடிக்கணினிகளின் பழுதுபார்ப்புக் கையேடுகளைத் திரட்டி இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். தன் கையேடுகளை எடுத்துவிடும்படி தோஷிபா வக்கீல்கள் மூலம் சொன்னது, அவர் எடுத்துவிட்டார். இன்னொரு பக்கம், திங்க்பேட் கணினிகளுக்கு எந்தத் திருகு எங்கே, எத்தனை மில்லிமீட்டர் என்பதுவரை சொல்கிற கையேட்டை, அவற்றைத் தயாரிக்கிற நிறுவனமே யாருக்கும் தருகிறது. அதன் பழைய மாடல்களில், எந்தத் திருகைக் கழற்றினால் கீபோர்டு வரும் என்று அடிப்பக்கத்திலேயே சின்னப் படம் அடித்திருக்கும். இரண்டும் ஒரே காலத்தில் நடந்தவை.

நிலைமை கொஞ்சம் திரும்புகிறது. நம் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022இல் ஒரு குழு அமைத்தது, அந்த வருடக் கடைசியில் ஒரு இணையதளமும் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரியிலிருந்து, கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று சட்டம். 2021இல் பிரேம்வொர்க் என்ற நிறுவனம், வாங்குகிறவரே எல்லா உறுப்பையும் மாற்றிக்கொள்ளக்கூடிய மடிக்கணினியை விற்க ஆரம்பித்து, பெட்டியோடு ஒரு திருப்புளியும் வைத்து அனுப்புகிறது. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது, எல்லாரும் அதை வாங்கினால் என் கடை என்ன ஆகும் என்று. ஆனால் புதிதாக வாங்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், ரேமைக் கழற்ற முடியுமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள் என்பேன். நிறத்தைக் கேட்கிறோம், இதைக் கேட்க மாட்டேன் என்கிறோம்.

மாட்டிவிட்டேன். விசிறி, புதுப் பேட்டரி, எஸ்.எஸ்.டி., ஸ்ட்ரிப்புகள் எல்லாம் உட்கார்ந்துவிட்டன. மூடுவதற்கு முன்னால் அந்தக் கொப்புள மூலை. அட்டையில் அந்த இடத்தில் குத்தி வைத்திருக்கிற திருகைப் பாருங்கள், கீல் பக்கத்து இரண்டை விட்டால் மற்றவை எல்லாம் ஒரே உயரம், இது மட்டும் தலை தூக்கி நிற்கிறது. எட்டு மில்லிமீட்டர் இருக்கும். அங்கே இருக்க வேண்டியது ஐந்து. என் பெட்டியில் தேடினேன். இந்தக் கனத்தில் ஐந்து இல்லை. நான்கு இருக்கிறது, மரையைப் பிடிக்காது. எட்டைத் திரும்பப் போட மாட்டேன். ஆகவே அந்த ஓட்டை இப்போதைக்குக் காலி. மற்ற பத்தும் தாங்கும்.

நூலகர் அம்மா, புத்தகத்தில் தேதி போட ஒட்டுவீர்களே, அந்தச் சீட்டில் ஒன்று கொடுங்கள். 'பேஸ்ட் மாற்றியது, பேட்டரி புதிது, காசு பேட்டரி புதிது. முன் இடது மூலையில் திருகு இல்லை. 5 மி.மீ. போடவும். பின்பக்க நீள ரப்பருக்கு அடியில் ஒன்று உண்டு.' கீழே இன்றைய தேதி. இதை மூடியின் உட்பக்கத்தில் ஒட்டுகிறேன். அடுத்துத் திறக்கிறவர் யாரோ.